நாள் தவறாத நடவும் சிறு உழவர் கூட்டுழைப்பும்



காவிரிப் படுகையில் மூன்று மா, ஆறு மா என்று நிலம் வைத்துக்கொண்டு நெல் பயிரிடும் உழவர்கள் தங்கள் உழைப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் விளைச்சல் கூடுமா என்ற கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். கூடும் என்பதே என் விடை. ஆனால் எந்த வேலையைப் பகிர்ந்தால் கூடும், எதைப் பகிர்ந்தால் குறையும், யாரை விட்டுவிட்டால் எல்லாமே வீணாகும் என்று பிரித்துச் சொன்னால்தான் அந்த விடைக்குப் பயன் உண்டு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கைப்பற்றுகள் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்தச் சிறு நிலமும் பலருக்குச் சொந்தமில்லை. கோயிலுக்கோ மடத்துக்கோ வெளியூரில் இருக்கும் பட்டாதாரருக்கோ குத்தகை அளக்கும் நிலம் அது. வேலி கணக்கில் நிலம் வைத்திருந்தவர்களின் தஞ்சையைப் பற்றியே நம் எழுத்துகள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கின்றன. இன்று சேற்றில் நிற்பவர் மா கணக்கில் நிலம் உள்ளவர். அவருடைய விளைச்சலைத் தீர்மானிப்பது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மண் வளத்துக்கும் விதைக்கும் உரத்துக்கும் இணையாக, சில ஆண்டுகளில் அவற்றுக்கும் மேலாக, அதைத் தீர்மானிப்பது நாள். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து ஜூன் 12 இங்கே ஆண்டின் முதல் நாள் போல ஆகிவிட்டது. அன்று திறக்கும் நீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் இறங்கிக் கடைமடையைத் தொட மேலும் நாள்கள் ஆகும். ஜனவரி 28-இல் அணை மூடப்படும். இதற்கிடையில் குறுவையை நட்டு அறுத்து, அடுத்த போகமான தாளடியை நட்டு, வடகிழக்குப் பருவமழையைத் தாங்கும் வளர்ச்சிக்கு அதைக் கொண்டுவந்துவிட வேண்டும். குறுவை நெல் 105 முதல் 115 நாளில் வருவது. அதன் நாற்று ஏறத்தாழ 22 முதல் 25 நாளுக்குள் வயலுக்குப் போக வேண்டும். ஆள் கிடைக்காமல் நாற்றங்காலிலேயே பத்து நாள் கூடுதலாக நின்றால், குறுகிய வாழ்நாள் கொண்ட பயிர் தூர் கட்ட வேண்டிய காலத்தை அங்கேயே கழித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு யூரியா போட்டாலும் அந்த நாள் திரும்பாது. நடவு தள்ளினால் அறுப்பு தள்ளும். அறுப்பு தள்ளினால் கதிர் மழையில் சாயும். சாய்ந்த நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், 17 சதவீத ஈரப்பத வரம்பு குறுக்கே நிற்கும். ஒரு வாரத் தாமதம் இப்படி மூன்று இடங்களில் பணமாகக் கழிகிறது. தாளடியின் நட்டத்தை இதில் சேர்க்கவே இல்லை.

சிறு பண்ணையின் ஏக்கர் விளைச்சல் பெரும் பண்ணையைவிடக் கூடுதல் என்பதை 1950-களின் பண்ணை மேலாண்மை ஆய்வுகள் எண்களோடு காட்டின. அதற்கு அமர்த்தியா சென் 1962-இல் ஒரு காரணம் சொன்னார். வீட்டு உழைப்புக்குச் சிறு உழவர் கூலிக் கணக்குப் பார்ப்பதில்லை. கூலி கொடுப்பவர் நிறுத்திக்கொள்ளும் இடத்தைத் தாண்டியும் அவருடைய குடும்பம் வேலை செய்யும் என்பது அந்த விளக்கம். அரை நூற்றாண்டுக்கு முன்பு அது பொருந்தியிருக்கலாம். இன்று அந்தக் குடும்ப உழைப்பு வீட்டில் இல்லை. பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் நிலத்தில் எஞ்சியிருப்பது நடுவயதைத் தாண்டிய ஒருவரோ இருவரோதான். ஒரு ஏக்கர் கைநடவுக்கு 15 முதல் 20 பெண்கள் ஒரு நாள் இறங்க வேண்டும். ஆக, ஒரு ஏக்கர்காரரும் நடவு நாளில் வெளியாளை நம்பியிருப்பவரே. பத்து ஏக்கர்காரர் பேசினால் குழு தொடர்ந்து நான்கைந்து நாள் வரும். ஒரு ஏக்கர்காரர் கடைசியாக அழைக்கப்படுவார். சிறு பண்ணையின் பழைய பலம் இப்படித்தான் பலவீனமாக மாறியது, கூட்டுழைப்பின் தேவையும் இங்கிருந்தே எழுகிறது.

கூட்டுழைப்பு என்றதும் பழைய நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. குடிமராமத்தைச் சொல்லுவோம், ஊர் கூடி வாய்க்கால் வெட்டியதைச் சொல்லுவோம். தஞ்சையின் வரலாறு அவ்வளவு எளிதானது அல்ல. வாய்க்கால் பராமரிப்புக்கு ஊர் உழைப்பு வழங்குவது வழக்கமாக இருந்தது உண்மை. 1858-இலேயே அதைச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டிவந்ததும் உண்மை. அந்தச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி வர வேண்டிய உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பைப் போல இரு மடங்கு செலுத்த வேண்டும் என்றது. வழக்கம் தானாக நடந்துகொண்டிருந்தால் தண்டம் எதற்கு? அதைவிட முக்கியமாக, மிராசுதார் வீட்டுப் பங்குக்கு மண்வெட்டி பிடித்தவர் மிராசுதார் அல்ல, அவருடைய பண்ணையாள். ஒருவர் வயலுக்கு மற்றவர் கைமாற்றாக இறங்கும் பழக்கம் சமமானவர்களுக்கு இடையில்தான் வேர் பிடிக்கும். 1950-களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் இங்கே தங்கி ஆராய்ந்த ஊரிலும், 1960-களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் ஆராய்ந்த ஊரிலும் அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்ற பிரிவே வேலைப் பிரிவாகவும் இருந்தது. நிலம் உள்ளவர் ஏர் பிடிப்பதில்லை, ஏர் பிடிப்பவருக்கு நிலம் இல்லை. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை வேலை நீக்கத்துக்கு எதிராகக்கூடப் பண்ணையாளுக்குச் சட்டத்தின் துணை இருந்ததில்லை. எனவே திரும்பப் பெற வேண்டிய ஒரு பொற்காலம் டெல்டாவில் இல்லை. இங்கே கூட்டுழைப்பு புதிதாகக் கட்ட வேண்டிய ஒன்று. அதைக் கட்டுவதற்கான சமநிலை, குறையோடுதான் என்றாலும், நிலம் சிறு உழவர் கைகளுக்கு மாறிய பிறகே வாய்த்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சீனம் தருகிறது. 1950-களின் முற்பகுதியில் அங்கே அண்டைக் குடும்பங்கள் சில சேர்ந்து மாட்டையும் ஆளையும் மாற்றிக்கொள்ளும் பரஸ்பர உதவிக் குழுக்கள் இருந்தன. நிலமும் விளைச்சலும் அவரவருக்கே. 1958-இல் கம்யூன்கள் வந்தபோது நிலம், உழைப்பு, விளைச்சல் எல்லாம் ஒன்றாகக் கலக்கப்பட்டன. யார் எவ்வளவு கவனமாக நட்டார் என்பது வேலைப் புள்ளிக் கணக்கில் தெரியாது. 1978-க்குப் பிறகு நிலம் குடும்பப் பொறுப்புக்குத் திரும்பியபோது விளைச்சல் ஏறியது. 1978-84 காலத்து வளர்ச்சியில் ஏறத்தாழப் பாதி இந்த மாற்றத்தால் வந்தது என்று பொருளியலாளர் ஜஸ்டின் லின் 1992-இல் கணக்கிட்டார். கூட்டுழைப்பை மறுப்பவர்கள் இதை எடுத்துக்காட்டுவது நியாயமே. ஆனால் அந்த ஆய்வு குறைகாண்பது எல்லாவற்றையும் கலந்த கம்யூனை. தன் வயலின் நெல் தன்னுடையதாக இருக்கும்போது நடவு நாளை மட்டும் பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து முடிவு செய்வதை அது தொடவில்லை.

இன்னும் அருகே கேரளமும் தெலங்கானாவும் இருக்கின்றன. பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் வேளாண்மையைப் பொருளியலாளர் பீனா அகர்வால் தனிக் குடும்பப் பண்ணைகளோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பொருளில் நமக்குக் கிடைத்திருக்கும் உறுதியான சான்றுகளில் ஒன்று. கேரளத்தின் குடும்பஸ்ரீ குழுக்களுக்கு ஹெக்டேருக்குக் கிடைத்த ஆண்டு விளைச்சல் மதிப்பு, தனிப் பண்ணையைப் போல 1.8 மடங்கு. தெலங்கானாவில் குழுக்களின் விளைச்சல் தனிப் பண்ணையைவிட வெகுவாகக் குறைவு, ஆனால் கூலிச் செலவு மிச்சமானதால் நிகர வருவாய் ஏறத்தாழச் சமம். இதே ஆய்வு நெல் நாட்டுக்காரர்களாகிய நமக்கு ஒரு கசப்பான செய்தியும் சொல்கிறது: இரு மாநிலங்களிலும் குழுக்கள் சிறந்து விளங்கியது வணிகப் பயிர்களில்தான், வழக்கமான தானியப் பயிர்களில் அல்ல. நல்ல நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் ஆண் உழவருக்குத் தானியப் பயிர்களில் முன்னிலை இருந்தது. இதை மறைத்துவிட்டுக் கேரளத்தின் 1.8 மடங்கை மட்டும் மேடைகளில் சொல்வது நேர்மையாகாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: நெல்லில் நிலத்தைக் கூட்டுவதால் மட்டும் விளைச்சல் ஏறிவிடாது. நெல்லுக்குக் கூட்டுழைப்பு எந்த இடத்தில் தேவை என்று பயிரின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உரமிடுதல், மருந்தடித்தல், நீர் கட்டுதல், களை பார்த்தல் முதலிய கண்காணிப்பு வேலைகளில் தனி உழவரை எந்தக் குழுவும் மிஞ்சாது. தன் பயிரைத் தினம் ஒருமுறை வரப்பில் நின்று பார்ப்பவருக்கு ஈடு கிடையாது. வரப்பைத் தாண்டும் வேலைகள் வேறு சில உண்டு. வாய்க்கால் தூர்வாருவது அவற்றில் முதலாவது. தலைமடைக்காரர் சுத்தம் செய்தால் பயன் கடைமடைக்கு, செய்யாவிட்டால் நட்டமும் கடைமடைக்கு. ஆகவே தனியே விட்டால் அது நடக்காது. எலி அடுத்தது. தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறியை ஒருவர் தன் வயலில் வைத்தால் எலி பக்கத்து வயலுக்குப் போய், ஆள் அசந்ததும் திரும்பி வரும். ஒரு மதகுப் பரப்பு முழுவதும் ஒரே வாரத்தில் வைத்தால்தான் பலன். நடவு நாளும் இதே வகைதான். ஒரு வெளியில் நான்கு வயல் முன்னாலும் நான்கு வயல் ஒரு மாதம் பின்னாலும் நின்றால், புகையான் பூச்சிக்கும் எலிக்கும் தொடர்ந்து உணவு இருக்கும். அடுத்தடுத்த வயல்கள் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடிந்தால் அந்தத் தொடர் அறும். நாற்றங்காலும் அப்படியே. ஆற்று நீர் வரும் முன்பே போர்செட் உள்ளவர் நிலத்தில் பலருக்கும் சேர்த்துச் சமுதாய நாற்றங்கால் விடுவது குறுவைக்காக வேளாண்மைத் துறை வலியுறுத்திவந்த முறை. நீர் வந்த அன்றே கையில் நடவுக்கு ஆயத்தமான நாற்று இருப்பது மூன்று வாரத்தைச் சம்பாதித்துத் தருகிறது. போர்செட் இல்லாத சிறு உழவர் அந்த மூன்று வாரத்தை வேறு எந்த வழியிலும் பெற முடியாது.

இனி, கூட்டுழைப்புக்கு எதிரான வாதங்களில் மிக வலுவானதற்கு வருகிறேன். ஆற்றுப்பாசன நெல்லில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டும். புன்செய் நாட்டில் ஒருவருக்குக் கடலை பறிப்பு, மற்றவருக்குச் சோள விதைப்பு என்று வேலைகள் விலகி நிற்பதால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இங்கே என் வயலுக்கு நாற்று முற்றும் நாளில்தான் உங்கள் வயலுக்கும் முற்றும், யாரிடம் மிச்ச ஆள் இருக்கிறது பகிர்ந்துகொள்ள? வாதம் சரிதான், ஒரு அனுமானத்தைத் தவிர. நாற்று ஒரே நாளில் முற்றுவது, ஒரே நாளில் விதை விட்டதால். கணக்குக்காக ஒரு மதகின் கீழ் 40 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 20 பேர், ஊரில் கிடைப்பது 60 பேர். ஒரு நாளைக்கு 3 ஏக்கர் முடியும், முழுப் பரப்புக்கு ஏறக்குறைய 14 நாள். எல்லாரும் ஒரே நாளில் விதைத்திருந்தால், முதல் வயலில் 22 நாள் நாற்று, கடைசி வயலில் 35 நாள் நாற்று. அந்தக் கடைசி வயல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. இதே 40 ஏக்கருக்கு விதையை மூன்று தவணையாக ஐந்தைந்து நாள் இடைவெளியில் விட்டால், எந்த வயலிலும் நாற்று 27 நாளைத் தாண்டாது. ஆள் ஒருவர்கூடக் கூடவில்லை, கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. நடவும் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே முடிகிறது. பகிர்ந்துகொண்டது வரிசையை மட்டுமே. இந்த வரிசை தனித்தனி உழவரின் புத்திசாலித்தனத்தால் வராது. மூன்றாம் தவணையில் விதைப்பவருக்குத் தம் முறை வரும்போது ஆள் வரும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைக் கொடுப்பதற்குத்தான் கூட்டம் வேண்டும். கடைசி முறை எப்போதும் ஒருவர் தலையிலேயே விழாமல் போகம்தோறும் சுற்றி வர வேண்டும். இங்கே முன்பு சமுதாயக் கிராமங்களில் பங்குதாரர்கள் கரையீட்டில் சீட்டுப் போட்டு நிலத்தைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டார்கள், நல்ல வயலும் மோசமான வயலும் எல்லார் கைக்கும் வந்துபோகட்டும் என்று. அந்த உரிமை ஒரு சிலருக்கே இருந்தது. சுழற்சி என்ற ஏற்பாடு மட்டும் எல்லாருக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு ஆளைப் பற்றிப் பேசுவதே வீண் என்பது அடுத்த மறுப்பு. இயந்திரம் முதுகொடியும் உழைப்பைக் குறைத்திருக்கிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் வரிசையின் தேவையை அது குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது. பெல்ட் வைத்த அறுவடை வண்டி மூன்று மா வயலுக்குப் போக இடையில் உள்ள நான்கு பேர் வயலும் அறுபட்டிருக்க வேண்டும். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால் சேர்ந்தாற்போல் நிலம் உள்ள இடத்துக்கே வண்டி முதலில் போகும், தரகரும் அதையே பார்ப்பார். நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும், பரம்படித்த சேறு அளவாகப் படிந்திருக்க வேண்டும், அதற்கு வயலில் நீர் வைக்கும் நாளும் வடிக்கும் நாளும் பக்கத்து வயலோடு ஒத்துவர வேண்டும். ஆளுக்குக் காத்திருந்த சிறு உழவர் இப்போது வண்டிக்குக் காத்திருக்கிறார். நேரடி விதைப்பு இதற்கு மாற்று என்பார்கள். நீர் தாமதமாகும் ஆண்டுகளில், 2024-இல் ஜூலை 28-இல்தான் மேட்டூர் திறந்ததுபோன்ற ஆண்டுகளில், அது கைகொடுக்கும். ஆனால் களை பெருகும், முதல் 40 நாளில் களையெடுக்க மறுபடியும் ஆள் தேடவேண்டிவரும்.

மூன்றாவது மறுப்பை நான் மறுப்பாகவே கொள்ளவில்லை, நிபந்தனையாகக் கொள்கிறேன். நிலம் உள்ளவர்கள் ஒன்றுகூடினால் கூலி கொடுப்பவர்கள் ஒன்றுகூடியதாக ஆகாதா? கீழத் தஞ்சையில் இந்த அச்சத்துக்கு ரத்தத்தில் எழுதிய காரணம் இருக்கிறது. 1960-களில் அங்கே மிராசுதார்கள் அமைத்த நெல் உற்பத்தியாளர் சங்கம், கூலி உயர்வு கேட்டவர்களை எதிர்க்கத் திரண்ட சங்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகே 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் நின்று உழவர் கூட்டத்தைப் பற்றிப் பேசுபவர், கூலி பெறுபவரின் இடம் எங்கே என்பதற்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். என் பதில்: கூட்டத்துக்கு உள்ளே. காரணம் நியாயம் மட்டும் அல்ல. டெல்டாவில் கூட்டுழைப்பு என்ற திறமை இன்று உயிரோடு இருப்பது உழவர்களிடம் இல்லை, நடவுக்காரப் பெண்களிடம். அவர்கள் குழுவாகச் சேர்ந்து மாவுக்கு இவ்வளவு என்று பேசி, வயது முதிர்ந்தவரையும் வேகமானவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, கிடைத்ததைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். யார் எவ்வளவு நட்டார் என்று சீனத்துக் கம்யூன் கண்டுபிடிக்க முடியாததை, பக்கத்தில் குனிந்து நிற்பவரின் கண் நொடியில் கண்டுபிடிக்கிறது. செம்மை நெல் சாகுபடி பல இடங்களில் நிலைக்காமல் போனதற்கும் இவர்களைக் கலக்காமல் திட்டம் வகுத்தது ஒரு காரணம் என்பது என் கருத்து. 14 நாள் நாற்றை ஒற்றை ஒற்றையாகக் கயிறு பிடித்து 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவது, பழகிய கைக்குப் புதுப் பாடம். பாடத்தை உழவருக்கு நடத்திவிட்டு நடவைப் பெண்களிடம் எதிர்பார்த்தோம். மேலும் இந்தப் பெண்களில் பலர் தாங்களே மூன்று மா குத்தகைக்குச் செய்பவர்கள். கூலி கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு பட்டியல் போட்டால் ஒரே பெயர் இரண்டிலும் வரும்.

2017-18-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு, அதற்குக் கருவி வாங்க 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதி என்பது அதன் அமைப்பு. நிலத்தைக் கலக்கச் சொல்லாமல் விட்டதில் திட்டம் சரியான பக்கம் நின்றது. குறை இரண்டு. 100 பேர் பொதுவாக ஒரு கருவியை வாங்கினால், அதை யார் முதலில் எடுப்பது என்ற வழக்குத்தான் முதலில் விளையும். 5 லட்சத்தில் அறுவடை இயந்திரமும் வராது. கருவியை முன்வைத்துக் குழுவைக் கட்டியதைவிட, வரிசையை முன்வைத்துக் கட்டியிருக்கலாம். இரண்டாவதாக, ஊர் வாரியாக ஆள் சேர்ப்பது எண்ணிக்கைக்கு வசதி, பாசனத்துக்குப் பொருத்தமில்லை. ஒரே ஊரின் வயல்கள் மூன்று வாய்க்காலில் கிடக்கும், ஒரே மதகின் கீழ் மூன்று ஊர்க்காரர் வயல் இருக்கும். நாளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள் ஒரே மதகின் நீரைப் பகிர்பவர்கள்.

எனவே வேளாண்மைத் துறையினருக்கும் உழவர் சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. குழுவை மதகு வாரியாக அமையுங்கள். பட்டாவில் பெயர் உள்ளவரை மட்டும் எழுதாமல், எழுத்து ஒப்பந்தம் இல்லாத குத்தகைதாரரையும் சாகுபடி செய்பவர் என்ற ஒரே தகுதியில் எழுதுங்கள். அந்த மதகுப் பரப்பில் நடும் பெண்கள் குழுவை உறுப்பினராகச் சேர்த்து, மாவுக்கான கூலியையும் உறுதியான வேலை நாள்களையும் நடவோடு களையெடுப்புக்கும் சேர்த்து, விதை விடுவதற்கு முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள். மே மாதத்தில் ஒரு கூட்டம் போதும்: நாற்றங்கால் யார் நிலத்தில், எத்தனை தவணை, இந்தப் போகம் முதல் முறை யாருக்கு, வாய்க்கால் வெட்ட எந்த நாள். பிறகு ஒவ்வொரு வயலுக்கும் விதைத்த நாள், நட்ட நாள், அறுத்த நாள், மாவுக்குக் கண்ட மூட்டை ஆகிய நான்கை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நான் சொன்னது தவறென்றால் இரண்டு போகத்தில் அந்த நோட்டே காட்டிவிடும். அடுத்த ஜூன் 12-க்குள் வட்டத்துக்கு ஒரு மதகிலாவது இதைத் தொடங்குங்கள்.